1966 அலியா, 1988 டைசனா: நடக்காத சண்டையைக் கணிப்பது எப்படி?

[திரையில்: பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத ஸ்டூடியோ. நடுவில் ஒரு ரிங்.]

1969-ஆம் ஆண்டு மயாமி நகரில், கதவுகளைச் சாத்திக்கொண்டு, இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்கள் கேமராவின் முன் குத்துச்சண்டை போட்டார்கள். ஒருவர், வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டிருந்த 27 வயது முகமது அலி. மற்றவர், 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 1956-இல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோ. அவருக்கு அப்போது 45 வயது. இந்தப் படப்பிடிப்புக்காகவே உடம்பை இளைக்க வைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபதுக்கும் குறையாமல் படமாக்கினார்கள். யார் வென்றாலும் பொருந்தும்படி பல முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எந்த முடிவைக் காட்டுவது என்பதைக் கணினி தீர்மானிக்கும் என்று தயாரிப்பாளர் மரே வோரோனர் அறிவித்திருந்தார்.

1970 ஜனவரி 20 அன்று திரையரங்குகளில் காட்டப்பட்ட அந்தப் படத்தில், 13-ஆம் சுற்றில் மார்சியானோ அலியை நாக் அவுட் செய்தார். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களிலேயே விமான விபத்தில் இறந்துவிட்ட மார்சியானோ, தாம் வென்றதாகச் சொல்லப்பட்ட முடிவை அறியவே இல்லை. ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியிலோ அலி வென்றார்.

இந்தப் படத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1967-இல் இதே வோரோனர், என்.சி.ஆர். 315 என்ற கணினியின் துணையோடு 16 சாம்பியன்களை மோதவிட்டு, வானொலியில் ஒரு தொடர் நடத்தினார். அதில் அலி, 1899-இல் பட்டம் வென்ற ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுப்போனார். கொதித்துப்போன அலி 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கு சமரசமானபோது பிறந்ததுதான் மார்சியானோ படம்.

கணினியின் மேல் எனக்குக் குறையில்லை. கொடுத்ததைக் கூட்டிக் கழித்து அது விடை சொன்னது. ஒரு வீரரின் வேகத்துக்கு என்ன எண், தாடையின் உறுதிக்கு என்ன எண், மனத்திடத்துக்கு என்ன எண் என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள். அந்த எண்களை எந்தப் போட்டியிலிருந்து, எந்த எதிராளியை வைத்து எடுத்தார்கள் என்ற இடத்தில்தான் கணிப்பு வாழ்கிறது அல்லது சாகிறது. இன்றும் அதே தவற்றைத்தான் செய்கிறோம். அதிகம் பேசப்படும் கற்பனைச் சண்டையான அலி – டைசன் மோதலை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

[திரையில்: இருவரின் அளவுகள் பக்கம் பக்கமாக.]

முதலில் எந்த அலி, எந்த டைசன் என்று தேதி போட்டுச் சொல்ல வேண்டும். நான் எடுத்துக்கொள்வது, 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்த 24 வயது அலியையும், 1988 ஜூன் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடிகளில் சாய்த்த டைசனையும். டைசனுக்கு 22-ஆவது பிறந்தநாள் வர அப்போது மூன்று நாள் இருந்தது. அலியின் உயரம் 191 செ.மீ., கை வீச்சு (இரு கைகளையும் விரித்தால் நுனிக்கு நுனி) 198 செ.மீ. டைசனுக்கு உயரம் 178, கை வீச்சு 180. எடையில் அலி சுமார் 96 கிலோ, டைசன் சுமார் 99 கிலோ. ஆக, எடை ஏறக்குறைய சமம். வேறுபாடு முழுவதும் தூரத்தில் இருக்கிறது. அலிக்கு எட்டுகிற தூரம் டைசனுக்கு எட்டாது. டைசனுக்கு எட்டுகிற நெருக்கத்தில் அலியின் நீண்ட கைகளுக்கு வேலையில்லை. சண்டையே அந்த ஒரு முழத்துக்காகத்தான்.

இப்போது பலரும் வழுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். இருவருக்கும் பொதுவான எதிராளிகள் உண்டு. லாரி ஹோம்ஸ் 1980 அக்டோபரில் அலியைத் தோற்கடித்தார். அதே ஹோம்ஸை 1988 ஜனவரியில் டைசன் நான்காம் சுற்றில் வீழ்த்தினார். டிரெவர் பெர்பிக் 1981 டிசம்பரில் அலியின் கடைசிப் போட்டியில் அலியை வென்றார். 1986 நவம்பர் 22 அன்று டைசன் இரண்டே சுற்றில் பெர்பிக்கை முடித்து, 20 வயதில் சாம்பியன் ஆனார். டைசனின் ஒரே இடது ஹூக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்தில், விழுந்த பெர்பிக், எழ முயன்று மறுபடியும் மறுபடியும் சரிந்த காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அலியை வென்றவர்களை டைசன் வென்றார், ஆகவே டைசனே பெரியவர் என்று இதை வைத்து வாதிடுவது எளிது.

ஆனால் ஹோம்ஸிடம் தோற்ற அலிக்கு 38 வயது. டைசனிடம் தோற்ற ஹோம்ஸுக்கும் 38 வயது. அந்த 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அன்று கேலரியில் இருந்த பெரியவர்கள் இன்றும் அதைப் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆயினும் அவர்கள் கண்டது, சில மாதங்களில் ஹோம்ஸின் முன் கை தூக்க முடியாமல் நிற்கப்போகிற உடலை. ஹூஸ்டனில் ஆடிய கால்கள் அந்த உடலில் இல்லை.

இன்னொரு பக்கமும் இதே கண்ணாடிதான். டைசனை வளர்த்த கஸ் டமாட்டோ, அவருக்கு முன் ஃபிளாய்ட் பேட்டர்சனை வளர்த்தவர். கையுறைகள் கன்னத்தில், முழங்கைகள் விலாவை ஒட்டி, தலை ஓயாமல் இருபுறமும் அசையும் அதே பாணி. அந்தப் பேட்டர்சனை அலி 1965-இல் 12-ஆம் சுற்று வரை வதைத்துத் தோற்கடித்தார். அப்படியானால் அந்தப் பாணியையே அலி வென்றுவிட்டார் என்று சொல்லலாமா? பேட்டர்சன் அன்று முதுகு வலியோடு நிமிர முடியாமல் சண்டையிட்டார். டைசனின் உடற்கட்டும் குத்தின் கனமும் அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. அலியைக் கற்பனை ரிங்கில் ஏற்றும்போது நாம் 1966-இன் கால்களைக் கொடுக்கிறோம். கூடவே, 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளைக் கயிற்றில் சாய்ந்து தாங்கிய உடம்பையும், 1975-இல் மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் 14 சுற்று நின்ற மனத்தையும் கொடுத்துவிடுகிறோம். அப்படி ஒரு அலி எந்த நாளிலும் இருந்ததில்லை. கால்கள் இருந்தபோது தாங்கும் திறன் சோதிக்கப்படவில்லை. மூன்றரை ஆண்டுத் தடைக்குப் பிறகு கால்கள் கனத்ததால்தான் தாங்கவேண்டிய தேவையே வந்தது. 1966-இன் அலியால் அதைத் தாங்கியிருக்க முடியும் என்று நான் நம்புகிறேன், ஆனால் அது நம்பிக்கை, சான்று அன்று.

உச்சம் என்று நாம் கொண்டாடும் இரவுகளுக்கே ஒரு குறை இருக்கிறது. வில்லியம்ஸ் அலியை எதிர்கொள்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டை வயிற்றில் வாங்கி, ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். ஸ்பிங்க்ஸ், எடை குறைந்த பிரிவான லைட் ஹெவிவெயிட்டிலிருந்து ஏறி வந்தவர். ரிங்குக்குள் நுழையும்போதே அவர் முகத்தில் பயம் அப்பிக்கிடந்தது. எதிராளி எவ்வளவு மெலிந்தவரோ, அவ்வளவு அழகாக வீரர் தெரிவார். நம்மிடம் இருக்கும் மிக அழகான படங்கள்தான் நமக்கு மிகக் குறைவாகச் சொல்லித்தருகின்றன.

ஆகவே அழகான இரவுகளை விட்டுவிட்டுச் சிரமப்பட்ட இரவுகளைப் பார்க்க வேண்டும். இங்கேதான் எனக்கு இந்த ஆராய்ச்சி பிடிக்கத் தொடங்குகிறது.

டைசனைச் சிரமப்படுத்தியவர்கள் யார்? 1986-இல் ஜேம்ஸ் டில்லிஸ் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்து பத்துச் சுற்றையும் முடித்தார். 1987-இல் போன்கிரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தே 12 சுற்றைக் கடத்தினார். டோனி டக்கர் புள்ளிகளில் தோற்றாலும் கடைசி மணி வரை நின்றார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், முன்கையை நேராக நீட்டிப் போடும் ஜாப் என்ற குத்தால் டைசனைத் தூரத்திலேயே நிறுத்தி, பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். நகர்வு, கட்டிப்பிடி, ஜாப் ஆகிய மூன்றும் அலியிடம் இவர்கள் எல்லோரையும்விட மேலான தரத்தில் இருந்தன. அதற்காகத் தூரம் மட்டுமே காப்பாற்றிவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது: 1984 ஒலிம்பிக் தங்கம் வென்ற டைரல் பிக்ஸ், டைசனைவிட மிக உயரமானவர், நன்றாக ஜாப் போடுபவர், ஏழாம் சுற்றில் முடிந்துபோனார்.

அலியைச் சிரமப்படுத்தியவர்களின் பட்டியல் இன்னும் தெளிவானது. 1962-இல் சன்னி பேங்க்ஸ், 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் ஃபிரேசியர் ஆகிய மூவரும் அலியைத் தரையில் உட்கார வைத்தார்கள். மூன்றும் இடது ஹூக். டைசனின் மிகச் சிறந்த குத்துகளில் ஒன்றும் அதுவே.

[திரையில்: 1971 மார்ச் 8, பதினைந்தாம் சுற்று. மெதுவான ஓட்டம்.]

இந்த இடத்தை நிதானமாகப் பார்க்கலாம். உயரமான வீரர் ஒருவர், தன்னைவிடக் குள்ளமாகக் குனிந்து வருபவரை அடிக்க நினைத்தால், கை தானாகவே கீழிருந்து மேலே போகும் அப்பர்கட்டைத் தேடும். அதற்கு வலது கையைத் தாழ்த்தியாக வேண்டும். தாழ்த்திய அந்த அரை நொடியில் வலது தாடைக்குக் காவல் இல்லை. ஃபிரேசியர் முகாமில் இருந்த பயிற்சியாளர் எடி ஃபட்ச் இதைக் கண்டுபிடித்து, அலி அப்பர்கட்டுக்குக் கையை இறக்கும் தருணத்தில் இடது ஹூக்கை வீசச் சொல்லிக்கொடுத்தார். அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அலி விழுந்த குத்து அதுதான். ஆனால் டக்ளஸ் டைசனை வீழ்த்திய கடைசித் தொடரும் ஒரு வலது அப்பர்கட்டில்தான் தொடங்கியது. ஆக, ஒரே குத்து இருவருக்கும் வாசல்: அலி அதைச் சரியான தூரத்திலிருந்து போட்டால் டைசன் விழுவார், ஒரு சாண் நெருக்கத்தில் போட்டால் அலி விழுவார். இந்தச் சண்டை எப்படி முடியும் என்று யாராவது கேட்டால், நான் காட்டுவது இந்த ஒரு சாண் இடைவெளியைத்தான்.

ஃபிரேசியரோடு டைசனை ஒப்பிடுவதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. ஃபிரேசியர் சூடுபிடிக்க மூன்று, நான்கு சுற்று ஆகும். பிறகு 15-ஆம் சுற்று வரை எரிவார். டைசன் முதல் மணியிலேயே முழு நெருப்பு. ஆறேழு சுற்று கடந்துவிட்டால் தொடர்குத்துகள் குறைந்து, ஒற்றைக் குத்தைத் தேட ஆரம்பிப்பார். அலி வழக்கமாக முதல் சுற்றுகளில் எதிராளியின் நாடி பிடித்துப் பார்ப்பவர். ஆகவே மிகுந்த ஆபத்து தொடக்கத்தில் இருக்கிறது.

விதிகளும் முடிவைத் திருப்பும். அலி காலத்தில் பட்டப் போட்டி 15 சுற்று. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்த பிறகு, பட்டம் வழங்கும் அமைப்புகள் ஒவ்வொன்றாக 12 சுற்றுக்கு மாறின. டைசன் 12 சுற்றைத் தாண்டி ஆடியதே இல்லை. நடுவரும் முக்கியம். அலிக்கு எதிராளியின் பிடரியில் கைபோட்டுத் தலையைக் கீழே அழுத்தும் பழக்கம் உண்டு. 1974-இல் ஃபிரேசியருடனான இரண்டாம் மோதலில் நடுவர் டோனி பெரெஸ் அதைக் கண்டிக்கவில்லை என்பதால்தான், மணிலாவில் ஃபட்ச் பிடிவாதமாக நின்று பிலிப்பைன்ஸ் நடுவர் கார்லோஸ் படில்லாவைக் கொண்டுவந்தார். பிடித்தவுடன் வேலையை நிறுத்திவிடும் டைசனுக்கு எதிராக, கண்டிக்காத நடுவர் அலிக்கு இரண்டு சுற்றாவது பரிசளிப்பார்.

[திரையில்: காலி ரிங், 12 சுற்றுகளுக்கான புள்ளி அட்டை.]

என் கணிப்பு இது. 12 சுற்று, கண்டிப்பான நடுவர், நூறு இரவுகள். அவற்றில் 65 இரவுகளில் அலி வெல்கிறார். பெரும்பாலும் புள்ளிகளில், சில இரவுகளில் பத்தாம் சுற்றை ஒட்டி, ஜாப்பால் வீங்கிய கண்களோடு டைசன் நிறுத்தப்படுகிறார். மீதி 35 இரவுகளில் டைசன் வெல்கிறார்; அவற்றில் பெரும்பாலானவை ஐந்தாம் சுற்றுக்குள் முடிகின்றன. 15 சுற்று என்றால் அலிக்கு இன்னும் ஐந்து இரவுகள் சேர்த்துக்கொள்வேன்.

அந்த 35 எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், 1963 ஜூன் 18, லண்டன் வெம்ப்லி அரங்கத்தைப் பாருங்கள். நான்காம் சுற்றின் இறுதியில் கூப்பரின் இடது ஹூக் பட்டு அலி கயிற்றோரம் சரிகிறார், எழுகிறார், கண்கள் எங்கேயோ இருக்கின்றன, உடனே மணி அடித்துவிடுகிறது. டைசன் எதிரே நிற்க, அந்த மணிக்கு இன்னும் முப்பது நொடி மீதமிருக்கும் இரவுகளே அந்த 35.