குட்டி சத்தி எடுக்குது: மிருக வைத்தியரிட்டப் போய்ச் சேரும் வரைக்கும்

[காட்சி: விடியக்காலை. மாமரத்தடியில் ஒரு சாக்கு. அதில் சுருண்டு படுத்திருக்கும் நாய்க்குட்டி. பக்கத்தில் மஞ்சள் நுரை.]

ராத்திரி ஐயான்ர செருப்பைக் கவ்விக்கொண்டு வளவெல்லாம் ஓடின குட்டி. விடியக் கூப்பிட்டால் வாலை ஒருக்கால் அசைக்குது, எழும்பேல்லை. பக்கத்தில மஞ்சளாச் சத்தி.

இனி வீட்டில ஆளுக்கொரு வைத்தியம் தொடங்கும். எங்கட அம்மம்மான்ர வைத்தியம் இது: "ஒண்டும் குடாதை மோனை. ஒருநாள் வயிறு காய்ஞ்சால் தானாச் சரிவரும். வீமன் அப்பிடித்தானே தப்பினவன்."

வீமனுக்கு அது சரி. அவன் அப்ப ஏழு வயசு நாய், ஒருநாள் பட்டினி அவனுக்குப் பெரிய விசயமில்லை. ரெண்டு மாசக் குட்டிக்கு அந்தப் பட்டினியே எமன். குட்டியின்ர ஈரலில சேமிப்பில கிடக்கிற சீனி கொஞ்சம்தான். சில மணித்தியாலம் சாப்பாடு இல்லாட்டி ரத்தத்தில சீனி இறங்கும். நடுங்கும், தள்ளாடும், கடைசியில வலிப்பு வரும். தண்ணியும் அப்பிடித்தான். ஒரு கிலோ, ரெண்டு கிலோ உடம்பு. நாலுதரம் சத்தியும் நாலுதரம் வயித்தோட்டமும் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

[காட்சி: செம்மண் ஒழுங்கை. தூரத்தில் பஸ் ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போகிறது.]

இதில வன்னியில இருக்கிற எங்களுக்கு இன்னொரு பிரச்சினை, தூரம். முழங்காவிலில உள்ளுக்க இருக்கிறவை, ஒட்டுசுட்டானுக்கு அங்கால காட்டோரத்தில இருக்கிறவை நினைச்ச உடனே வைத்தியரிட்ட ஓடேலாது. அரச மிருக வைத்தியர் மாடு பாக்க வெளியில போயிருப்பார். இல்லாட்டி அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. அதால முதல் சத்திக்கும் வைத்தியருக்கும் இடையில இருக்கிற மணித்தியாலங்களைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[காட்சி: குட்டியின் மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்குதல். முரசு நெருக்கமாகத் தெரிகிறது.]

முதல் முரசைப் பாருங்கோ. சுகமான குட்டியின்ர முரசு இளஞ்சிவப்பா, ஈரமா, வழுக்கும். விரல் ஒட்டுற மாதிரிப் பிசுபிசுத்தால் உடம்பில தண்ணி குறைஞ்சிட்டுது. ஒரு விரலால அமத்திப்போட்டு விடுங்கோ. வெள்ளையான இடம் ரெண்டு செக்கனுக்குள்ள திரும்பச் சிவக்க வேணும். பிடரித் தோலை இழுத்துப் பாக்கிறதும் ஒரு வழிதான், ஆனா மெலிஞ்ச குட்டியில அது ஏமாத்தும். நான் முரசைத்தான் நம்புவன்.

முரசு வெளிறியிருந்தால், சத்தியிலயோ கழிச்சலிலயோ ரத்தம் இருந்தால், குடிச்ச தண்ணியும் திரும்பத் திரும்ப வெளியில வந்தால், வயிறு ஊதி ஓங்காளிச்சும் ஒண்டும் வராட்டி, குட்டி நிக்கேலாமல் விழுந்தால், இந்த வீடியோவை நிப்பாட்டிப்போட்டு ஓட்டோவைக் கூப்பிடுங்கோ. மூண்டு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டி ரெண்டு மூண்டுதரத்துக்கு மேல சத்தி எடுத்தாலும் அதே கதைதான்.

போற வழியில குட்டி துவண்டால் விரலில கொஞ்சம் தேன், இல்லாட்டி சீனிப்பாகு தொட்டு முரசில தேய்ச்சு விடுங்கோ. முல்லைத்தீவுப் பக்கம் காட்டுத்தேன் இல்லாத வீடு குறைவுதானே. வாய்க்குள்ள ஊத்த வேண்டாம். மயக்கத்தில இருக்கிற குட்டிக்கு ஊத்தினது நுரையீரலுக்க போயிடும்.

[காட்சி: மழை விட்ட முற்றம். சுவரோரத்தில் ஒரு தேரை.]

என்ன தின்டது எண்டு தேடுங்கோ. குட்டிக்குக் கண்டதெல்லாம் வாய்க்குத்தான். கோழி எலும்பு, மீன் முள்ளு, கறி துடைச்ச துணி, சொப்பிங் பை. வெங்காயமும் உள்ளியும் போட்ட குழம்புச்சோறும் ஆகாது, அது நாயின்ர ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும். பாவம் எண்டு பால்மா கரைச்சுக் குடுக்கிறது இன்னொரு பிழை. பாலில இருக்கிற சீனி கன குட்டியளுக்குச் செமிக்காது, வயித்தோட்டம் கூடும். தாய்ப்பால் குடிக்கிற குட்டி எண்டால் மட்டும் தாயிட்ட விடுங்கோ.

மாரி காலத்தில தேரை. குட்டி அதைக் கவ்வினால் தேரையின்ர தோலில இருக்கிற நஞ்சு வாயில படும். உடனே வாயால நுரை தள்ளும். தலையைக் கீழ்ப்பக்கமாச் சரிச்சு, வாயின்ர ஒரு பக்கத்தால தண்ணி விட்டு, அது வெளியில ஓடுற மாதிரிக் கழுவுங்கோ. தொண்டைக்குள்ள போகவிடக் கூடாது.

அடுத்தது வயல் மருந்து. வரம்பில எறிஞ்ச வெறும் போத்தலை நக்கின குட்டிக்குச் சத்தியோட எச்சில் கொட்டும், கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கும், தசை துடிக்கும். இதுக்கு வீட்டு வைத்தியம் இல்லை. போத்தலையும் கையோட எடுத்துக்கொண்டு போங்கோ. லேபிளைப் பாத்தால்தான் வைத்தியருக்கு என்ன மருந்து எண்டு தெரியும். உப்புத்தண்ணி பருக்கிச் சத்தி எடுக்க வைக்கிறது எங்கட ஊர்ப் பழக்கம். தயவு செய்து விட்டிடுங்கோ. அந்த உப்பே குட்டியைக் கொண்டுபோடும்.

[காட்சி: ஒரு லீற்றர் போத்தல், ஜீவனிப் பக்கற், தேக்கரண்டி.]

ஆபத்துக் குறி ஒண்டும் இல்லை, ஒண்டு ரெண்டுதரம் சத்தி எடுத்தது, ஆனா கண்ணில உயிர் இருக்கு. அப்ப ஒரு அரை மணித்தியாலம் வயித்தைச் சும்மா விடுங்கோ. பிறகு தண்ணி. கோப்பையை முன்னால வைச்சால் தாகத்தில முழுக்கக் குடிச்சுப்போட்டு அப்பிடியே திருப்பி எடுக்கும். அதால ஒரு தேக்கரண்டி, பத்துப் பதினைஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கால். ஜீவனி எண்டால் வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள். ஆக்களுக்குக் கரைக்கிற அளவிலயே அதைக் கரைச்சுக் குடுக்கலாம், ஒரு பக்கற் ஒரு லீற்றர் ஆறின தண்ணிக்கு. ஒரு நாளைக்கு மேல வைச்சிருக்காதேங்கோ, ஊத்திப்போட்டுப் புதுசாக் கரையுங்கோ. ஊசி இல்லாத சிரிஞ்சால கன்னப் பக்கமாத் துளித்துளியா விடுறது கரண்டியை விடச் சுகம்.

அலுப்பான வேலைதான். குட்டிக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருக்க வேணும். படம் பாத்துக்கொண்டு செய்யலாம்.

மூண்டு நாலு மணித்தியாலம் சத்தி இல்லாமல் தண்ணி தங்கினால் சாப்பாடு. வெள்ளைப் பச்சையரிசியைக் குழைய அவிச்சு, தோலும் எலும்பும் இல்லாத கோழி இறைச்சியைத் தனியா அவிச்சு நூல்நூலாக் கிழிச்சு, ரெண்டு பங்கு சோத்துக்கு ஒரு பங்கு இறைச்சி. உப்பு, தூள், எண்ணெய், தேங்காய்ப்பால் ஒண்டும் வேண்டாம். அம்மம்மா இதைப் பாத்து, "இதை ஆர் தின்னுறது?" எண்டு கேட்டவா. குட்டி தின்னும். முதல் ஒரு மேசைக்கரண்டி, பிறகு நாளைக்கு அஞ்சாறுதரம் கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு மூண்டு நாள் இது ஓடட்டும், பிறகு பழைய சாப்பாட்டைக் கலந்து கூட்டிக்கொண்டு போங்கோ. கிழமைக்கணக்கில இதையே குடுத்தால் கல்சியம் காணாமல் எலும்பு கெடும்.

வயித்தோட்டத்தை நிப்பாட்டுற குளிசை, பனடோல், போன வருசம் மாட்டுக்கு வாங்கின மிச்ச மருந்து, எதையும் நீங்களா நிறை பிரிச்சுக் குடுக்காதேங்கோ.

[காட்சி: இடியப்ப இழை மாதிரி வெள்ளைப் புழுக்கள். பார்ப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மன்னிக்கவும்.]

சத்தியில இப்பிடி வந்தால் வட்டப்புழு. தாயின்ர வயித்துக்குள்ளயே குட்டிக்கு வந்திடும், பாலாலயும் வரும். அதாலதான் ரெண்டாவது கிழமையில இருந்து ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் வயித்துப் புழு மருந்து. பால்குடிக்குட்டிக்கு ஏன் எண்டு கேக்காதேங்கோ. உருண்டையா உப்பின வயித்தைப் பாத்து நல்லாக் கொழுத்திட்டுது எண்டு சந்தோசப்படுற ஆக்கள் இருக்கினம், உள்ளுக்கு இருக்கிறது புழு. அதின்ர முட்டை மண்ணில கிடந்து பிள்ளையளுக்கும் தொத்தும்.

இனி நான் பயப்பிடுறது. பார்வோ.

1978இலதான் இந்த வைரசை அடையாளம் கண்டவை. வேகமாப் பிரியுற கலங்களைத் தேடி அடிக்கும். குடலின்ர உள்சவ்வும் எலும்பு மச்சையும் அப்பிடியான இடங்கள். சவ்வு உரிஞ்சு கழரும், கிருமி ரத்தத்துக்க போகும், எதிர்க்கிற வெள்ளையணுவும் இல்லை. முதல் சோர்வு, பிறகு சத்தி, பிறகு ரத்தங்கலந்த வயித்தோட்டம். அந்த மணத்தை ஒருக்கால் மணந்தவை மறக்காயினம். வீட்டுச் சோறும் ஜீவனியும் இதுக்குக் காணாது. சேலைன் ஏத்த வேணும், சத்தியை நிப்பாட்ட வேணும், அன்ரிபயோட்டிக் வேணும்.

"எங்கட குட்டிக்கு ஊசி போட்டாச்சு" எண்டு கன பேர் சொல்லுவினம். எந்த ஊசி எண்டு கேட்டால், ஊருக்கு வந்து இலவசமாப் போட்டது. அது விசர்நாய் ஊசி. கட்டாயம் போட வேண்டியதுதான், ஆனா பார்வோவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பார்வோ ஊசி வேற, காசு குடுத்து வைத்தியரிட்டப் போட வேணும். ஆறு எட்டுக் கிழமையில தொடங்கி, மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கால், 16 கிழமை தாண்டும் வரைக்கும். ஏன் இத்தனை தரம்? தாய்ப்பாலால வந்த எதிர்ப்பு குட்டியின்ர உடம்பில இருக்கும் வரைக்கும் ஊசி பிடிக்காது. அந்த எதிர்ப்பு எப்ப வடியும் எண்டு குட்டிக்குக் குட்டி மாறும். அதால ஒரு ஊசியோட நிப்பாட்டினவையின்ர குட்டிக்கும் பார்வோ வரும்.

[காட்சி: சீமெந்துத் தரையில் வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தல்.]

பார்வோ வந்த வீட்டில சவர்க்காரத்தால மட்டும் கழுவி வேலையில்லை. முதல் ஊத்தையைக் கழுவிப்போட்டு, ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து தரையில ஊத்திப் பத்து நிமிசம் விடுங்கோ. சீமெந்துக்கு அது சரி. மண் முற்றத்துக்கு ப்ளீச் எடுபடாது, நிழலான மண்ணில வைரஸ் ஒரு வருசம்கூடக் கிடக்கும். அந்த வளவுக்குப் புதுசா ஒரு குட்டி வேணும் எண்டு பிள்ளையள் கேட்டால், ஊசி எல்லாம் முடிஞ்ச நாயாப் பாத்துக் கொண்டு வாங்கோ.