ட்ராம் வண்டியில் டிக்கட் காசு எடுத்தது எப்படி?

[காட்சி: மட்டக்களப்பு பஸ் நிலையம். கல்முனை பஸ்ஸில் நடத்துநர் டிக்கட் கொடுக்கிறார்.]

வணக்கம். மட்டக்களப்பில் ஏறிக் காத்தான்குடியில் இறங்கினால் ஒரு காசு. களுவாஞ்சிக்குடிக்குக் கூட, கல்முனைக்கு இன்னும் கூட. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காசு வாங்கும் இந்த முறை, நம்ம ஊர்களுக்கு மோட்டார் பஸ் வர முன்னமே ட்ராம்களில் இருந்தது.

இலங்கையில் மின்சார ட்ராம் ஓடியது கொழும்பில் மட்டும்தான். 1899 இல் தொடங்கியது. கோட்டையில் இருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கு, மற்றது பொரளைக்கு. 1944 இல் மாநகர சபை பொறுப்பெடுத்தது. 1960 இல் ஓட்டம் நின்றது.

[காட்சி: ட்ராம் கூரை. கம்பமும் மேல் கம்பியும் கிட்டத்தில்.]

பழைய ட்ராமின் கூரையில் ஒரு நீளக் கம்பம். அதன் நுனியில் உள்ள பள்ளம் விழுந்த சின்னச் சக்கரம், செப்புக் கம்பியைக் கீழிருந்து அழுத்தியபடி உருளும். சுமார் 500, 600 வோல்ட் மின்சாரம் அதன் வழியே மோட்டாருக்கு வந்து, இரும்புச் சக்கரத்தால் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகும். வளைவில் சக்கரம் கம்பியை விட்டுத் துள்ளினால் மோட்டாருக்கு மின்சாரம் இல்லை, விளக்கும் அணைந்துவிடும். நடத்துநர் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக் கம்பத்தை மறுபடி கம்பியில் ஏற்ற வேண்டும். கடைசித் தரிப்பில் கம்பத்தை மறுபக்கம் திருப்புவதும் அவர்தான்.

காசு எடுப்பதும் அவரே. சனம் நெருங்கி நிற்கும் வண்டியில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சேர முன் அடுத்த தரிப்பு வந்துவிடும். குறுந்தூரம் போகிறவர் சும்மா இறங்கிவிடுவார். இது கம்பனிகளுக்கு ஒரு தலையிடி. வாங்கிய காசு முழுதும் கந்தோருக்கு வருகிறதா என்பது இன்னும் பெரிய தலையிடி.

[காட்சி: பெல் பஞ்ச் கருவி, உள்ளங்கை அளவில். அட்டை டிக்கட் செருகப்படுகிறது.]

பிரித்தானிய ட்ராம்கள் இதற்குப் பயன்படுத்திய கருவி பெல் பஞ்ச். லண்டனில் 1878 இல் தொடங்கிய கம்பனிக்கே அந்தப் பெயர்தான். டிக்கட் ஒவ்வொரு விலைக்கும் ஒவ்வொரு நிறம். ஓரத்தில் தரிப்புப் பிரிவுகளின் எண்கள். பயணி இறங்க வேண்டிய எண்ணைக் கருவியின் வாயில் வைத்து நெம்பை அழுத்தினால் துளை விழும், மணி அடிக்கும், உள்ளே இருக்கும் எண்ணும் கருவியில் ஒன்று கூடும். வெட்டுப்பட்ட வட்டத் துணுக்கு வெளியே சிந்தாமல் கருவிக்குள்ளேயே விழும். நடத்துநரால் அதைத் திறக்க முடியாது.

மணிதான் இதில் கெட்டித்தனம். காசு கொடுத்தவர் காதுக்கு மணி கேட்காவிட்டால் கேள்வி கேட்பார். கம்பனிக்குச் சம்பளமில்லாத கண்காணிப்பாளர் வண்டி நிறைய.

கணக்குத் தாளில் ஒவ்வொரு டிக்கட் கட்டுக்கும் அடுத்து விற்க வேண்டிய டிக்கட் இலக்கத்தை எழுதுவார்கள். உதாரணமாகப் புறப்படும்போது 4120, முடியும்போது 4163 என்றால் விற்றது 43. ஒன்று 5 சதம் என்றால் 2 ரூபாய் 15 சதம் கையில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கருவியைத் திறந்து அந்த நிறத் துணுக்குகளை எண்ணுவார்கள்.

ஓட்டை இல்லாமல் இல்லை. கீழே கிடந்த பழைய டிக்கட்டை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் இலக்கமும் ஏறாது, துணுக்கும் விழாது. அதனால்தான் திடீரென ஏறும் பரிசோதகர் டிக்கட் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை: இலக்கம் இந்த ஓட்டத்துக்கு உரியதா, துளை எந்தப் பிரிவில் என்றும் பார்ப்பார்.

[காட்சி: கண்ணாடித் தலை கொண்ட காசுப் பெட்டி.]

வட அமெரிக்காவில் வேறு வழி போனார்கள். கனடாவின் மொன்றியலில் 1905 இல் ஏறும்போதே காசு கொடுக்கும் ட்ராம் வந்தது. 1910களின் நடுவில் வந்த பேர்னி என்ற ட்ராம் வண்டியில் நடத்துநரே இல்லை, ஓட்டுநர் மட்டும். காசு கண்ணாடிக்குள் விழுந்து ஒரு தட்டில் நிற்கும். ஓட்டுநர் நல்ல காசா, தகரத் துண்டா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவார். வளைந்த காசு ஒன்று சிக்கினால் பெட்டி நிற்கும், வாசலில் வரிசை நீளும். ஓர் ஆளின் சம்பளம் மிச்சம், ஆனால் ஒவ்வொரு தரிப்பிலும் தாமதம்.

மிச்சக் காசு வைத்திருந்த ஓட்டுநர்களைக் கொள்ளையடிப்பது கூடியதும், 1960களின் கடைசியில் பல நகரங்கள் சரியான காசு மட்டுமே வாங்கத் தொடங்கின. பெட்டிக்கு ஓட்டுநரிடம் சாவி இல்லை, டிப்போவில்தான் திறப்பார்கள். நியூ ஓர்லியன்ஸில் 1923, 1924 இல் கட்டிய ட்ராம்கள் இன்றும் சென்ட் சார்ள்ஸ் பாதையில் ஓடுகின்றன. அங்கே ஏறுவதென்றால் சில்லறையைச் சரியாக எண்ணிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.