ஷூவாக மாறும் பேயின் பக்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு. நேராக வழக்குக்கு வருகிறேன்.

"சிறுவனுக்கு உற்ற தோழன் டோரேமானா, கியூதாரோவா?" இதுதான் தலைப்பு. டோரேமானை இங்கே யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டாம். வயிற்றுப் பையிலிருந்து கருவி எடுக்கும் அந்த ஜப்பானிய ரோபோ பூனையைப் பற்றி முன்வரிசைக் குழந்தைகளே எழுந்து சொல்லிவிடுவார்கள். என் கட்சிக்காரன் கியூதாரோ அவனுக்கு மூத்தவன். ஹிரோஷி ஃபுஜிமோட்டோ, மோட்டோ அபிகோ என்ற இரண்டு நண்பர்கள் ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற ஒரே பெயரில், 1964இல் ஜப்பானின் ஷோனென் சண்டே வார இதழில் ‘ஒபாகே நோ கியூதாரோ’ (பேய் கியூதாரோ) என்ற படக்கதைத் தொடரைத் தொடங்கினார்கள். டோரேமான் வந்தது 1970 ஜனவரி இதழ்களில். வீட்டுக்குள் ஒரு விசித்திர விருந்தாளி வந்து தங்கிவிடுவான் என்ற பாதையை அந்தத் தம்பிக்குப் போட்டுக் கொடுத்ததே இந்த அண்ணன்தான்!

ஆள் எப்படி இருப்பான்? வெள்ளை வெளேரென்று ஒரு துணியைத் தலையோடு போர்த்திய மாதிரி உடம்பு. உச்சந்தலையில் மூன்றே மூன்று முடி. தடித்த உதடு. கீழே எட்டிப் பார்க்கும் இரண்டு கால். ஷோதா என்ற பையன் நண்பர்களோடு நிஞ்ஜா விளையாட்டு ஆடப் போன இடத்தில் பெரிய முட்டை ஒன்று கிடைக்கிறது. அதிலிருந்து பொரிந்து வந்த பேய் இவன். பறப்பான், மறைவான், சுவரில் புகுந்து போவான். சாப்பிட உட்கார்ந்தால் கிண்ணம் கிண்ணமாகச் சோறு காலியாகும். நாயைக் கண்டால் மட்டும் பேய்க்கே பேயடித்துவிடும். நாய்க்குப் பயப்படுகிற பேய் எதற்கு என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். அவர்கள் தூக்கிப் பிடிக்கிற பூனை எலிக்குப் பயப்படுகிறதே, அதை ஏன் ஐயா சொல்லவில்லை?

சரி, அதை விடுங்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ஒன்று சொன்னார். நீங்களும் ஓஹோ என்று கைதட்டினீர்கள். "மற்ற பேயெல்லாம் என்னென்னவோ உருவம் எடுக்கும். இந்தப் பேய்க்கு மாறத் தெரிந்தது ஷூவாக மட்டும்தான். அதனால் அதை வாசலிலேயே கழற்றிவிட்டுவிட்டு உள்ளே வாருங்கள்" என்றார்.

ஆமாம் தங்கச்சி. ஷூவாக மட்டும்தான் மாறுவான். நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் இந்த மேடையில் நின்றுகொண்டா காலில் போடுவதைக் கேலி செய்வது? இராமன் காட்டுக்குப் போனான். பரதன் பின்னாலேயே ஓடினான். எதைக் கேட்டு வாங்கி வந்தான்? வில்லையா? மணிமுடியையா? பாதுகையை! தலையில் வைத்துக்கொண்டு வந்தான். பதினான்கு ஆண்டு அந்த நாட்டை ஆண்டது எது? பாதுகை! அம்பறாத்தூணியில் ஆயிரம் அம்பு இருந்தும் பரதன் அதையா கேட்டான்? அண்ணனை நினைக்க அண்ணன் காலில் கிடந்ததே போதும் என்று வந்தானே! பரதன் தலையில் சுமந்ததைத்தான் என் தங்கை வாசலில் விடச் சொல்கிறார்.

கைதட்டி முடியுங்கள், காத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேளுங்கள். புலியாக மாறத் தெரிந்தவன் பயமுறுத்துவான். பணமாக மாறத் தெரிந்தவனை விற்றுவிடுவார்கள். ஷூவாக மாறுகிறவனை வைத்து ஷோதா என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது! ஒன்றும் முடியாதவனைத்தான் அந்தப் பையன் தன் அறையில் படுக்க வைத்துக்கொண்டான். டோரேமானின் பையிலிருந்து ஒரு கருவி வரும், அவன் தங்கியிருக்கும் வீட்டுப் பையன் நோபிதா அதைத் தப்பாகப் பயன்படுத்துவான், அழுவான், அடுத்த கருவி வரும். நல்ல கதைதான், நானும் ரசிக்கிறேன். ஆனால் அங்கே தோழனைத் தேடுகிறானா, பையைத் தேடுகிறானா என்று ஒரு சந்தேகம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே பையும் இல்லை, சந்தேகமும் இல்லை.

இவன் செல்லாக்காசு என்று நினைத்தது எதிரணி மட்டும் இல்லை. அந்தப் பத்திரிகையே அப்படித்தான் நினைத்தது! தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தொடரை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் என்ன நடந்தது? கடிதம் வந்தது. யாரிடமிருந்து? பிள்ளைகளிடமிருந்து! கியூதாரோ எங்கே, ஏன் நிறுத்தினீர்கள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். பத்திரிகை தொடரைத் திரும்பக் கொண்டுவந்தது. 1965இல் தொலைக்காட்சிக்கும் போனான். நாடே அவன் பின்னால் போனது. அந்தப் பத்திரிகையை வெளியிட்ட ஷோகாகுகான் பதிப்பகம் தோக்கியோவில் ஒரு கட்டடம் கட்டியபோது, கியூதாரோ சம்பாதித்துக் கொடுத்ததுதானே என்று ஜனங்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ஒபாகியூ கட்டடம், ஒபாகே நோ கியூதாரோவின் சுருக்கம்! ஷூவாக மாறத் தெரிந்தவனுக்குத் தோக்கியோவில் கட்டடமே இருந்தது, தங்கச்சி.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, ஒரே ஒரு கதை, அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

1973இல் ஃபுஜிமோட்டோ ‘பிக் காமிக்’ என்ற பெரியவர்களுக்கான இதழில் ஒரு சிறுகதை வரைந்தார். பதினைந்து வருஷம் கழித்து, தன் பேய் உலகத்திலிருந்து கியூதாரோ திரும்பி வருகிறான். அவன் கொஞ்சமும் மாறவில்லை. அதே மூன்று முடி. ஷோதாதான் மாறிவிட்டான். கம்பெனி வேலை, கல்யாணம், மனைவி. பழைய நண்பன் வந்த சந்தோஷத்தில் சோறு போடுகிறார்கள். இவனுக்குத்தான் அளவு தெரியாதே, கிண்ணம் கிண்ணமாக உள்ளே போகிறது. இவர் எத்தனை நாள் தங்குவார் என்று மனைவிக்குக் கவலை வருகிறது. பாவம், அவரைக் குறை சொல்ல முடியுமா? வாங்கும் சம்பளம் அவருக்குத்தானே தெரியும்.

ஒரு ராத்திரி பழைய கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து குடித்துப் பாடுகிறார்கள். சின்ன வயதுக் கனவெல்லாம் திரும்பி வருகிறது. வேலையை விட்டுவிடுகிறேன், நினைத்ததைச் செய்து காட்டுகிறேன் என்று ஷோதாவும் கிளம்புகிறான். விடிகிறது. மனைவி ஒரு செய்தி சொல்கிறார்: குழந்தை உண்டாகியிருக்கிறது. ஷோதாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி பேசியது ஒன்றும் நினைவில்லை. குதித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். கியூதாரோ பார்க்கிறான். ஷோ-சானுக்கு (ஷோதாவை அவன் செல்லமாகக் கூப்பிடும் பெயர்) குழந்தையா, அப்படியென்றால் ஷோ-சான் இனிமேல் குழந்தை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். யாரையும் குறை சொல்லவில்லை. தானாகவே பறந்து போய்விடுகிறான்.

1964இல் கியூதாரோ எங்கே என்று கடிதம் எழுதிய பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பத்து வயதில் எழுதியவனுக்கு இந்தக் கதை வரும்போது பத்தொன்பது, இருபது வயது. தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ சேர்ந்திருப்பான். அவன் கையில் இருக்கிற பெரியவர்கள் பத்திரிகையில் வந்து, "நீ வளர்ந்துவிட்டாய், பரவாயில்லை, நான் போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற தோழன் அவனுக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளைகளைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.