சட்டைப்பையில் மூவாயிரம் செல்போன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பவர் இப்போதே என்னைப் பார்க்கிறார். அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். மின்சாரக் கார் சுற்றுச்சூழலுக்கு வரமா, சுமையா? நான் சுமை அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் வரம், வரம் என்று பதினாறு முறை சொன்னார். எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சில் எண்ணுவதற்கு வேறு எண்ணே இல்லை.

சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில் என்னை ஒரு குத்து குத்திவிட்டு உட்கார்ந்தார். "பேட்டரிக்குள் இருக்கிற லித்தியம் உலோகத்தைத் திட்ட வந்திருக்கிற அண்ணன், மேடைக்குப் பின்னால் செல்போன் சார்ஜருக்காக ஆள் ஆளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் இருப்பது லித்தியமா, லாட்டரிச் சீட்டா?" என்றார். அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் என் மனைவியும் கைதட்டினார். அதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தலைப்பு எங்கேயும் ஓடிவிடாது.

ஆமாம் அம்மா, என் சட்டைப்பையில் இருப்பது லித்தியம்தான். கெஞ்சியதும் உண்மைதான். ஆனால் எவ்வளவு லித்தியம்? இந்தச் செல்போன் பேட்டரி கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ 19 வாட் மணி. நடுத்தரமான ஒரு மின்சாரக் காரின் பேட்டரி 60 கிலோவாட் மணி, அதாவது 60,000 வாட் மணி. வகுத்துப் பாருங்கள். ஒரு காருக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செல்போன்களின் பேட்டரி இருக்கிறது! என் சட்டைப்பையில் ஒன்று. உங்கள் அணியின் சட்டைப்பையில் மூவாயிரம். இதில் யார் யாரைக் கேட்பது?

அந்தப் பேட்டரியின் எடை 400 கிலோ அளவுக்கு வரும். ஆறு ஆள் எடை. வண்டியில் நீங்கள் ஒருவர் மட்டும் ஏறினாலும் காலுக்குக் கீழே ஆறு பேர் படுத்துக்கொண்டு கூடவே வருகிறார்கள். இறங்கவும் மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். என் செல்போனை நான் சுமக்கிறேன். அந்தக் கார் முதலில் தன் பேட்டரியைச் சுமக்கிறது, தெம்பு மிச்சமிருந்தால் உங்களைச் சுமக்கிறது. அந்த எடைக்கு டயர் கூடுதலாகத் தேய்கிறது. தேய்ந்த தூள் காற்றிலும் கலக்கிறது, மழை வந்தால் ஓடையிலும் கலக்கிறது. புகைக்குழாய் இல்லை என்பதால் வண்டி வெளியே எதுவும் விடவில்லை என்று அர்த்தமில்லை.

அம்மையாருக்குப் பதில் முடிந்ததா? இல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. என் மச்சினன் பாக்கி.

என் மச்சினன் மின்சாரக் கார் வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. பூமியை அவன்தான் தூக்கிப் பிடித்திருக்கிற மாதிரி ஒரு நடை. ஒருநாள் வந்து, "ஏறுங்க அத்தான், ஒரு சொட்டுப் புகை கிடையாது" என்றான். ஏறினேன். பின்பக்கக் கண்ணாடியில் பெரிதாக ஒரு பச்சை இலைப் படம். வண்டி சத்தமே இல்லாமல் போனது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பாதி தூரம் போனதும் திரையில் ஒரு எண்ணைப் பார்த்தான். "அத்தான், ஏசியைக் கொஞ்சம் நிறுத்திக்கட்டுமா?" நிறுத்தினான். வியர்த்தது. ஜன்னலை இறக்கினேன். "அத்தான், இறக்கினா காத்து இழுக்கும், சார்ஜ் போயிடும்." ஏற்றினேன். பாட்டை நிறுத்தினான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அத்தான், நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?" என்று கேட்டானே பார்க்கலாம்! காலுக்குக் கீழே ஆறு பேர் படுத்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்கவில்லை. என்னைக் கேட்கிறான்.

ஒருவழியாகச் சார்ஜ் போடும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மின்வெட்டு. ஆனால் அங்கிருந்த தம்பி கெட்டிக்காரர். "அஞ்சு நிமிஷம் இருங்க சார்" என்று கொட்டகைக்குப் பின்னால் போனார். ஒரு சத்தம். டப். டப். டபடபடபடப. டீசல் ஜெனரேட்டர்!

நடுவர் அவர்களே, அந்தக் காட்சியை நீங்கள் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் பச்சை இலை ஒட்டிய கார். அந்தப் பக்கம் கரும்புகை. நடுவில் ஒரு ஒயர். டீசலை எரித்து மின்சாரமாக்கி, அதை ஒயரில் அனுப்பி, பேட்டரியில் அடைத்து, மறுபடி எடுத்து, டீசலை மிச்சப்படுத்தக் கார் ஓட்டுகிறோம். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. கால் மணி நேரத்தில் அந்த இலை கருத்துவிட்டது. மச்சினன் தன் கைக்குட்டையை எடுத்து இலையைத் துடைக்கிறான். துடைக்கத் துடைக்கப் புகை வந்து படிகிறது. நான் கேட்டேன்: "தம்பி, ஒரு சொட்டுப் புகை கிடையாதுன்னு சொன்னியே?" துடைத்துக்கொண்டே சொன்னான்: "அத்தான், புகை வெளியே வருது. என் கார்லேர்ந்து வரலையே!"

இது ஒன்றுதான், அவையோரே, எதிரணியின் மொத்த வாதமும். என் கார்லேர்ந்து வரலையே! நிலக்கரியில் ஓடும் மின்நிலையமும் அந்தக் கொட்டகையின் பின்பக்கம்தான். தள்ளி இருப்பதால் டபடப சத்தம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். பிறப்பு முதல் இறப்பு வரை கணக்குப் போட்டால், பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் குறைவாகத்தான் கரியமிலவாயு விடுகிறது. மறுக்கவில்லை. ஆனால் அது கடனோடு பிறக்கிற குழந்தை. பேட்டரி செய்யும்போதே ஏறிய கடனை அடைக்க, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, ஓரிரு ஆண்டு ஓட வேண்டும். டபடப மின்சாரம் என்றால் அந்தக் கடன் எப்போது அடையும் என்று என் மச்சினனைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு தோழர், லித்தியம் அயனி பேட்டரி 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு என்றார். சரி. அதை வாங்கியவர்களில் ஒருவரான குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அவருக்கு நானும் கைதட்டுகிறேன். ஆனால் பரிசு கொடுத்தது கண்டுபிடித்ததற்கு. குழி தோண்டியதற்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை.

குழி என்றதும் சிலி நாட்டின் அட்டகாமா நினைவுக்கு வருகிறது. உலகத்தின் மிக வறண்ட இடங்களில் ஒன்று. அங்கே உப்புப் படுகைக்கு அடியில் இருக்கும் உப்புநீரை உறிஞ்சி, பாத்தி பாத்தியாகக் கட்டி, ஒரு வருடத்துக்கும் மேலாக வெயிலில் காயவிடுகிறார்கள். தண்ணீர் வானத்துக்குப் போகிறது, லித்தியம் தேறுகிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை, இரண்டு கிராம் இருந்தால் பெரிது. ஒரு காருக்குச் சுமார் எட்டு கிலோ வேண்டும். வழியில் ஒரு சொட்டு வீணாகாமல் எடுத்தாலும் 4,000 லிட்டர் காய வேண்டும். மழையே பார்க்காத மண்ணில்! அந்தப் படுகையின் பூநாரைகளில் இரண்டு வகை குறைந்துவருவதாக 2022-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் வேறு முறை, பாறையை உடைத்து எடுக்கிறார்கள். அந்தப் பாறைத் தூளை ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுக்க வேண்டும். அந்த அடுப்பு எதில் எரிகிறது என்று நான் சொல்லப் போவதில்லை. டபடப.

காங்கோவுக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேட்டரிக்குள் போகும் இன்னொரு உலோகம் கோபால்ட். உலகத்தில் தோண்டப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. இயந்திரம் வைத்த சுரங்கங்கள் ஒருபக்கம். கையால் குழி தோண்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். பிள்ளைகள் அந்தக் கல்லைப் பொறுக்கிக் கழுவுவதை 2016-இல் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு அறிக்கையாகவே வெளியிட்டது. கோபால்ட் இல்லாத பேட்டரி வந்துவிட்டதே என்று எதிரணி எழுந்திருக்கும். வந்திருக்கிறது. அதில் விலை போகும் உலோகம் குறைவு என்பதால், செத்த பிறகு அதைப் பிரித்தெடுக்கவும் ஆர்வம் குறைவு. மறுசுழற்சி, மறுசுழற்சி என்றீர்களே, அது லாபத்தைப் பார்த்துச் சுழல்கிற சுழற்சி.

கையில் கல் பொறுக்கும் பிள்ளை என்றதும் எனக்கு என் கை ஞாபகம் வருகிறது. மன்னிக்க வேண்டும், இது வாதம் இல்லை.

எங்கள் அப்பாவிடம் ஒரு டார்ச் இருந்தது. இரண்டு பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச். வெளிச்சம் மங்கினால் புதுக் கட்டை வாங்க மாட்டார். பழையதை எடுத்து வெயிலில் காயவைப்பார். காய்ந்ததும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், ஏதோ பேசும் என்கிற மாதிரி. மறுபடி போட்டால் நாலு நாள் எரியும். அந்த நாலு நாளும் எங்கள் வீட்டில் அவர்தான் விஞ்ஞானி. அடியோடு செத்துப்போன கட்டையை எங்களிடம் கொடுப்பார். கல்லால் உடைப்போம். உள்ளே கரிக்குச்சி இருக்கும், அதற்காகத்தான் உடைப்பது. சுவர் முழுக்கக் கோடு கிழிப்போம். குச்சியைச் சுற்றியிருந்த கறுப்புத் தூள் கை முழுக்க அப்பிக்கொள்ளும். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, சோப்புப் போட்டு ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவுவார். நகக்கண்ணில் மட்டும் ரெண்டு நாள் இருக்கும்.

அப்பா போன பிறகு தலையணைக்கு அடியில் அந்த டார்ச்சைப் பார்த்தேன். மூடி திறக்கவில்லை. உள்ளே கட்டை உப்பி, ஒழுகி, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து இறுகிவிட்டது. குப்பையில் போடலாம் என்று எடுத்துப் போனேன். மண்ணில் போகும் என்று திரும்பி வந்தேன். ஒருமுறை மச்சினனிடம், "உன் 400 கிலோவை எங்கேடா போடுவே, அங்கேயே இதையும் போட்டுடு" என்றேன். அவன் அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. டார்ச் அலமாரியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வீடு சுத்தம் செய்யும்போது மனைவி எடுத்து, "இதை என்ன பண்றது?" என்பார். வைத்துவிடுவார்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, அந்த டார்ச்சை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். போகும்போது திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை.