இலைக்குள்ளே ஒரு கூட்டுக்குடித்தனம்

நடுவர் அவர்களே, இந்தக் குளிரிலும் பிள்ளைகளைப் போர்த்திக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் தேயிலைத் தோட்டத்து உறவுகளே, வணக்கம். "உயிர்களை நிலைக்க வைத்தது போட்டியா, கூட்டா?" என்பது தலைப்பு. நான் கூட்டின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, "வலியது வாழும், அதுதான் டார்வின் கண்ட விதி" என்றார். அப்புறம் தன் கதையைச் சொன்னார். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தேன், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் போட்டியில் வென்றேன், அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன் என்றார். நானும் கைதட்டினேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் டார்வின்.

1859இல் அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூல் வெளிவந்தபோது இந்த வாசகம் அதில் இல்லை. ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் எழுதியது இது. டார்வின் 1869இல், ஐந்தாம் பதிப்பில்தான் இதைச் சேர்த்துக்கொண்டார். அங்கேயும் சொல் 'பொருந்தியது'. 'வலியது' என்று ஆக்கிக்கொண்டது நாம். வாழ்க்கைப் போராட்டம் என்று தான் சொல்வதில் ஓர் உயிர் இன்னோர் உயிரைச் சார்ந்திருப்பதும் அடங்கும் என்று முதல் பதிப்பிலேயே டார்வின் எழுதிவிட்டார். கூர்ப்பை, அதாவது உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவந்த கதையைப் படிப்பிக்கும் ஆசிரியை நான். அந்த வரியை வகுப்பில் வாசிக்காமல் ஒரு வருடமும் விட்டதில்லை.

அந்த 1869ஐ நம் இலங்கை மலைகளும் மறக்க முடியாது. காட்டை வெட்டிக் கோப்பியை மட்டும் நட்டிருந்த காலம். மற்ற மரமெல்லாம் தோற்றுக் கோப்பி ஒன்றே வென்ற மலைகள். அந்த ஆண்டில் இலையின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூளாக ஒரு பங்கசு, அதாவது பூஞ்சை, தென்பட்டது. கோப்பி இலைத் துரு. விதைபோல் அதைப் பரப்பும் வித்திகள் செடிக்குச் செடி பறக்க நடுவில் எந்தத் தடையும் இல்லை. 1880இல் இங்கே வந்து நோயை ஆராய்ந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், ஒரே பயிரை இடைவெளி விடாமல் நட்டதுதான் இவ்வளவு பரவக் காரணம் என்று காட்டினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோப்பி போய், மலையெல்லாம் தேயிலை ஆனது. (அந்தக் கோப்பிக்காக மன்னாரிலிருந்து நடந்துவந்த நம் பாட்டன் பூட்டன்மார் எத்தனை பேர் வழியிலேயே விழுந்தார்கள்! அதைப் பேசத் தனி மேடை வேண்டும்.)

எதிரணி அக்கா பொலன்னறுவைக் குரங்குகளைக் கொண்டுவந்தார். தலையில் தொப்பி வைத்ததுபோல முடி சுழன்றிருக்குமே, சிங்களத்தில் ரிலவா என்பார்கள், அந்தக் குரங்கு. வுல்ப்காங் டிட்டஸ் 1968 முதல் அங்கே அவற்றைக் கவனித்து வந்தவர். பெரிய குரங்கு சின்னக் குரங்கின் கன்னப்பைக்குள்ளேயே விரலை விட்டுத் தீனியைப் பறிக்கும் என்று அக்கா சொன்னது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அதே டிட்டஸ் 1984இல் எழுதியதையும் சொல்லியிருக்க வேண்டும். நிறையப் பழுத்த மரத்தைக் கண்ட குரங்கு அதற்கென்றே ஒரு குரல் கொடுக்கும். சிதறி மேயும் கூட்டம் அந்தக் குரலைக் கேட்டு ஓடிவரும். பறிக்கிற கையும் அழைக்கிற குரலும் ஒரே கூட்டத்தில்தான் இருக்கின்றன. அழைக்கிற குரல் இல்லையென்றால் பறிக்கிற கைக்கு வேலையே இருக்காது.

சரி, குரங்கை விடுவோம். காலையில் நீங்கள் கிள்ளிய கொழுந்துக்கு வருகிறேன்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? இலையின் ஒவ்வொரு பச்சைக் கலத்துக்குள்ளும், அதாவது செல்லுக்குள்ளும், பச்சையவுருமணிகள் என்ற பச்சைச் சிறுமணிகள் இருக்கின்றன. வெயிலைக் கொண்டு உணவு ஆக்கும் ஒளித்தொகுப்பு நடப்பது அங்கேதான். 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அது தண்ணீரில் தனியாக வாழ்ந்த ஒரு சயனோபற்றீரியா. இன்னொரு கலம் அதை உள்ளே இழுத்தது. ஆனால் செரிக்கவில்லை, இடம் கொடுத்தது. உள்ளே வந்தது வெயிலில் உணவு சமைத்தது, வெளியே இருந்தது காவல் நின்றது. உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதை எழுதிய கட்டுரையைப் பல சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. 1967இல்தான் அச்சேறியது. பச்சையவுருமணிக்குள் தனியாக டீஎன்ஏ இருக்கிறது, பற்றீரியா போலவே அது இரண்டாகப் பிரிகிறது என்றெல்லாம் சான்று சேர்ந்த பிறகு உலகம் ஏற்றுக்கொண்டது. நம் கலங்களுக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணியும் இப்படி வந்து தங்கியதுதான்.

விழுங்கியது போட்டிதானே என்று எதிரணி கேட்கலாம். விழுங்கிச் செரித்த கலங்கள் எண்ணிலடங்காமல் இருந்திருக்கும். அன்றைய சாப்பாட்டோடு அந்தக் கதை முடிந்தது. செரிக்காமல் வைத்துக்கொண்டதிலிருந்துதான் புல்லும் காடும் இந்தத் தேயிலைத் தூரும் வந்தன.

தேயிலைக்குக் கேடு செய்கிற பூச்சியும் என் கட்சிதான். தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாருக்குத் தெரியும், கிளையில் குண்டூசிக் குத்துப்போல ஓட்டை இருக்கும், அந்த இடத்தில் கிளை முறியும். அந்தச் சின்ன வண்டு மரத்தைத் தின்பதில்லை. தாய் வண்டு தன்னோடு பங்கசைச் சுமந்து வந்து துளைக்குள் பயிரிடுகிறது. குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. தனி வண்டாக வந்தால் நமக்குப் பயமில்லை. பங்கசோடு கூடி வருவதால்தான் இத்தனை ஆராய்ச்சிக்கும் அடங்காமல் நிற்கிறது.

இனி மனிதர். என் அம்மா கொழுந்து எடுத்தவர். நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஒருநாள் காய்ச்சலோடு மலைக்குப் போனார். பக்கத்து நிரையில் நின்ற மூன்று பேர் ஆளுக்கு இரண்டு கை கொழுந்தை அவர் கூடையில் போட்டு முழுப்பேர் ஆக்கினார்கள். நாங்கள் பிள்ளைகள் அன்று வீட்டில் எங்கள் பாட்டியான அம்மாயியோடு இருந்தோம்.

அம்மாயி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான விலங்குகள் பிள்ளைப்பேறு நின்ற பிறகு நெடுநாள் வாழ்வதில்லை. மனிதரும் சில திமிங்கில இனங்களும் அரிய விதிவிலக்குகள். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆராய்ந்த கிறிஸ்டன் ஹோக்ஸ் குழுவினர், தாய்க்குப் புதுக் குழந்தை பிறந்ததும், பால் மறந்த மூத்த பிள்ளையின் வளர்ச்சி பாட்டி தோண்டிவரும் கிழங்கைச் சார்ந்திருப்பதைக் கண்டார்கள். பாட்டிகளுக்கு நீண்ட ஆயுள் கூர்ப்பில் நிலைத்ததே இதனால்தான் என்பது அவர்கள் கருத்து. அறிஞர்கள் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கு அது சரியென்று படுகிறது, ஏனென்றால் நான் அப்படி வளர்ந்தவள்.

தம்பி, நீங்களும் அப்படித்தான். உங்கள் பேச்சிலேயே சொன்னீர்கள்: அம்மா விடியக்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டும், அதனால் இரவில் அம்மாயிதான் குப்பி லாம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார், எழுத்துத் தெரியாது, ஆனாலும் நீங்கள் பாடக் கொப்பியை மூடும்வரை படுக்கமாட்டார் என்று. அவர் அதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எந்தப் போட்டியில் வெல்வதற்காக விழித்திருந்தார் என்று இறங்கிப் போய்க் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.