ஷோன்ஹவுசன்: கரைக்குப் பின்னால் ஒரு கிராமம்

எல்லாருக்கும் வணக்கம். பிஸ்மார்க் என்ற பெயரைப் பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தில் படிக்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். 1871இல் ஜெர்மனியை ஒரே நாடாக்கிய மனிதர், அதன் முதல் சான்சலர். அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் பலரும் பெர்லின் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் பிறந்தது பெர்லினுக்கு மேற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி, எல்பே ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிற ஷோன்ஹவுசன் என்ற கிராமத்தில். இன்றைக்கும் அங்கே சுமார் 2,000 பேர்தான் இருக்கிறார்கள். பெயருக்கு 'அழகான வீடுகள்' என்று பொருள் சொல்லலாம்.

இன்று அந்த ஊரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பிஸ்மார்க் நடுவில் வருவார், அவர் வராமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த ஊரில் பிடித்த விஷயம் அரண்மனையும் இல்லை, சான்சலரும் இல்லை, வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் நீளமாக எழுப்பிய மண்கரை. அந்தக் கரையைப் புரிந்துகொண்டால் அந்த ஊரின் எண்ணூறு ஆண்டுச் சரித்திரமும் தானாகவே புரிந்துவிடும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். எல்பே இந்தப் பகுதியில் வடக்கு நோக்கி ஓடுகிறது. கிழக்கே இன்னொரு ஆறு, ஹாஃபல், அதுவும் வடமேற்காக வந்து எல்பேயில் கலக்கிறது. இரண்டு ஆற்றுக்கும் இடையில் ஒரு மூலை உண்டாகிறது இல்லையா, அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற பெயரே 'எல்பே-ஹாஃபல் மூலை' என்பதுதான். ஷோன்ஹவுசன் அந்த மூலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தட்டையான நிலம், குன்று மலை எதுவும் கிடையாது, ஆறு கொண்டுவந்து கொட்டிய கனத்த வண்டல் மண், நல்ல விளைச்சல் தரும். அதே ஆறு நினைத்தால் ஒரே இரவில் எல்லாவற்றையும் மூடிவிடும். எதிர்க்கரையில் ஐந்தாறு கிலோமீட்டரில் டாங்கர்முண்டே என்ற பழைய மதில் நகரம் மேட்டில் பாதுகாப்பாக நிற்கிறது. மேடு அந்தப் பக்கம், பள்ளம் இந்தப் பக்கம்.

இந்தப் பள்ளத்தில் குடியேற யார் துணிவார்கள்? தண்ணீரோடு பழகியவர்கள்தான். 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பிரபுக்களும் ஆயர்களும் எல்பேயைத் தாண்டிக் கிழக்கே, ஸ்லாவிய மக்கள் வாழ்ந்த நிலத்தில், தங்கள் ஆட்சியைப் பரப்பினார்கள். அந்த நாளில் ஆற்றோரச் சதுப்பை வடிக்கவும் கரை போடவும் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தார்கள், ஹாலந்து, ஃபிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து குடியானவர்கள் வந்தார்கள். ஷோன்ஹவுசன் தேவாலயத்துக்குப் போனால் இதற்கு ஒரு தடயம் கிடைக்கும். அந்தக் கோயில் மேரிக்கும் வில்லிப்ரோர்டு என்ற புனிதருக்கும் அர்ப்பணிக்கப்பட்டது. வில்லிப்ரோர்டு யார் தெரியுமா? நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரத்து முதல் ஆயர். எல்பே ஓரத்து ஒரு கிராமத்தில் இந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்தால், குடியேற வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு தங்கள் புனிதரையும் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோயில் 1212இல் ஹாஃபல்பெர்க் ஆயரால் திறந்துவைக்கப்பட்டது. முழுக்கச் செங்கல். இந்த வட்டாரத்தில் கட்டடக் கல் கிடைக்காது, களிமண்தான் கிடைக்கும், அதனால் மண்ணைச் சுட்டுக் கட்டினார்கள். தெற்கே பத்துக் கிலோமீட்டரில் யெரிகோ மடாலயம் இருக்கிறது, 1144இல் தொடங்கியது, வட ஜெர்மனியின் மிகப் பழைய செங்கல் கட்டடங்களில் ஒன்று. அங்கே பழகிய கை இங்கேயும் வேலை செய்திருக்கிறது. ஒரு கிராமத்துக்கு இவ்வளவு பெரிய கோயிலா என்று பார்ப்பவர்கள் திகைப்பார்கள், நடுவில் உயரமான கூடம், இருபக்கமும் தாழ்ந்த கூடங்கள், மேற்கே அகன்ற கோபுரம். வயலும் கரையும் தவிர வேறெதுவும் இல்லாத அந்தச் சமவெளியில் அது வெகுதூரத்திலிருந்தே செக்கச்செவேல் என்று தெரியும்.

சரி, கரை யார் பொறுப்பு? இதற்கும் எழுதப்பட்ட சட்டம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், இதே எல்பே நாட்டைச் சேர்ந்த ஐக்கே ஃபொன் ரெப்கோ என்பவர் 'சாக்சன்ஷ்பீகல்' என்ற சட்டத் தொகுப்பை எழுதினார். ஆற்றோரம் கரை வைத்திருக்கிற ஒவ்வொரு கிராமமும் தன் பங்குக் கரையைத் தானே காக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. உடைப்பெடுத்தால் எல்லாரும் வந்து அடைக்க வேண்டும். வராதவனுக்குக் கரைக்குப் பின்னால் நிலம் கிடையாது. வட ஜெர்மனியில் இதைப் பழமொழியாகவே சொல்வார்கள்: கரை போட மாட்டேன் என்பவன் இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான்.

இப்போது பிரபுக்களிடம் வருவோம். பிஸ்மார்க் குடும்பம் ஆதியில் இந்த ஊரே இல்லை. எதிர்க்கரையில் ஷ்டெண்டால் நகரத்தில் துணி வணிகர்கள், 13ஆம் நூற்றாண்டிலேயே அந்த நகர வணிகர் சங்கத்தில் அவர்கள் பெயர் வருகிறது. வியாபாரத்தில் தலையெடுத்து, ஆட்சியாளர்களுக்குப் பணமும் சேவையும் கொடுத்து, 1345இல் புர்க்ஸ்டால் என்ற கோட்டையையும் அதைச் சுற்றிய காட்டையும் பெற்றுக்கொண்டு பிரபுக்கள் ஆனார்கள். இருநூறு வருஷம் அங்கே வாழ்ந்தார்கள். அந்தக் காட்டில் மானும் பன்றியும் நிறைய. பிராண்டன்பர்க்கை, பிற்காலத்தில் பிரஷ்யா ராஜ்ஜியத்தை, ஆண்ட ஹோஹென்சோலர்ன் குடும்பத்துக்கு வேட்டைக்கு அந்தக் காடு வேண்டும் என்று ஆசை வந்தது. குடியானவனிடம் பிடுங்குவது சுலபம், பிரபுவிடம் அப்படிப் பிடுங்க முடியாது, அதனால் 'மாற்றுக்கொள்' என்றார்கள். பிஸ்மார்க்குகளுக்கு மனசே இல்லை, ஆனாலும் 1562இல் காட்டைக் கொடுத்துவிட்டு, ஆயரின் சொத்தாக இருந்த ஷோன்ஹவுசனையும் பக்கத்து ஃபிஷ்பெக்கையும் வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நூற்றாண்டுக் கணக்காக மேட்டுக் காட்டில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை ஓர் இளவரசனின் வேட்டை ஆசை ஆற்றுப் பள்ளத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. அன்றையிலிருந்து அவர்கள் மானைப் பார்க்க வேண்டியதில்லை, கரையைப் பார்க்க வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் நடந்த முப்பது ஆண்டுப் போரில் அவர்களுடைய பழைய வீடு அழிந்தது. அதே அடித்தளத்தில் ஆகுஸ்ட் ஃபொன் பிஸ்மார்க் என்பவர் புது மாளிகை கட்டினார். வாசலுக்கு மேல் 1700 என்ற வருஷமும், அவர் குடும்பச் சின்னமும், பக்கத்தில் அவர் மனைவியின் கட்டே குடும்பச் சின்னமும் பொறிக்கப்பட்டிருந்தன. இந்தக் கட்டே குடும்பமும் பக்கத்து ஊர்தான், சில கிலோமீட்டரில் இருக்கிற வூஸ்ட். பிரஷ்ய இளவரசன் ஃபிரெட்ரிக், பின்னால் மகா ஃபிரெட்ரிக் ஆனவர், தகப்பன் கொடுமை தாங்காமல் ஓடிப்போக முயன்றபோது துணை நின்றதற்காக 1730இல் தலை வெட்டப்பட்ட ஹான்ஸ் ஹெர்மன் ஃபொன் கட்டே வூஸ்ட் தேவாலயத்துக் கல்லறையில்தான் கிடக்கிறார். ஒரு சைக்கிள் தூரத்துக்குள் எவ்வளவு சரித்திரம் பாருங்கள்.

ஓட்டோ ஃபொன் பிஸ்மார்க் 1815 ஏப்ரல் 1ஆம் தேதி அந்த மாளிகையில் பிறந்தார். அடுத்த வருஷமே குடும்பம் பொமரேனியாவில் இருந்த இன்னொரு பண்ணைக்குப் போய்விட்டது, ஆகவே பிள்ளைப் பருவம் இங்கே இல்லை. 1845 நவம்பரில் தகப்பனார் இறந்த பிறகுதான் முப்பது வயசு ஆளாகத் திரும்பி வந்தார். படிப்புக்குப் பிறகு சேர்ந்த அரசு வேலையைப் பாதியில் விட்டவர், நிறையக் குடிப்பவர், குதிரையில் பறப்பவர் என்று பெயர் எடுத்திருந்தார். தோட்டத்தில் இருந்த ஹெர்குலிஸ் சிலையின் பின்புறத்தில் துப்பாக்கியால் சுட்டவர் என்றும் ஊரில் கதை உண்டு.

அதே 1845 வசந்தத்தில் எல்பேயில் பெருவெள்ளம் வந்திருந்தது. கரைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி சரியாகக் கவனிக்கவில்லை என்று பிஸ்மார்க் சண்டை போட்டார், 1846இல் அந்தப் பதவி அவருக்கே வந்தது. 'டைஷ்ஹவுப்ட்மான்', அதாவது கரைத் தலைவர். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பட்டங்கள் வந்தன, 1865இல் கோமகன் ஆனபோது 'பிஸ்மார்க்-ஷோன்ஹவுசன்' என்று இந்த ஊரின் பெயரே பட்டத்தில் சேர்ந்தது. ஆனாலும் எனக்கு மனசில் நிற்பது இந்தக் கரைத் தலைவர் வேலைதான்.

என்ன வேலை அது? குளிர்காலத்தில் எல்பே உறையும். அந்த ஆறு தெற்கே பொஹீமியா மலையிலிருந்து வருகிறது, அங்கே வெயில் முதலில் தட்டும், மேலே பனி உருகிப் பாளம் பாளமாக உடைந்து கீழே வரும்போது இங்கே ஆறு இன்னும் கட்டியாகவே இருக்கும். பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆற்றையே அடைத்துவிடும், தண்ணீர் மட்டம் சட்டென்று ஏறும், கூர்மையான பனிப்பாளம் மண்கரையை அறுக்கும். அந்த நாட்களில் கரைத் தலைவர் இரவு பகல் பாராமல் குதிரையில் கரைமேல் போய்வர வேண்டும், எங்கே ஆள் போடுவது, எங்கே மண்ணும் சாணமும் வைக்கோலும் கொட்டுவது என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். 1847 ஜனவரியில் யோஹன்னாவோடு அவருக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. பெண்ணைப் பார்க்கப் போக ஆசை, ஆனால் ஆறு இன்னும் உடையவில்லை, கரையை விட்டு நகர முடியாது என்று அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பதவிதான் அவரை வட்டாரப் பிரபுக்களிடையே ஆளாக்கியது. அதே 1847இல் பிரஷ்யாவின் எல்லா மாகாணப் பிரதிநிதிகளும் கூடிய ஐக்கிய சபைக்குப் போக வேண்டிய ஓர் உறுப்பினர் நோயில் விழ, மாற்று ஆளாகப் பிஸ்மார்க் பெர்லின் போனார். அவர் அரசியல் அங்கேதான் தொடங்கியது. அடுத்த மார்ச்சில் பெர்லினில் புரட்சி வெடித்தபோது, ராஜாவைக் காப்பாற்ற ஷோன்ஹவுசன் குடியானவர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி கொடுத்துக் கூட்டிப் போகிறேன் என்று கிளம்பினார். படைத்தலைவர்களோ ஆட்கள் வேண்டாம், உருளைக்கிழங்கும் தானியமும் அனுப்பு என்றார்களாம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஜனநாயகத்துக்கு எதிராகக் குடியானவனைத் திரட்டிய அந்தச் செயலை என்னால் மெச்ச முடியவில்லை. பண்ணையார் சொன்னால் ஊரே கிளம்பும் என்ற அந்த உறவு கரையில் மண் சுமக்கும்போது உயிர் காத்தது, துப்பாக்கி ஏந்தச் சொல்லும்போது அதுவே பயமுறுத்துகிறது.

பெரியவர் ஆனபின் அவர் வேறு பண்ணைகளில் வாழ்ந்தார். 1885இல் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு நாடு முழுக்க வசூலித்த பணத்தில், குடும்பம் எப்போதோ இழந்திருந்த ஷோன்ஹவுசனின் இரண்டாவது பண்ணையை மீட்டுக் கொடுத்தார்கள். 1898இல் ஹாம்பர்க் பக்கம் ஃபிரீட்ரிஷ்ரூவில் இறந்தார், அங்கேயே அடக்கமும் ஆனார்.

அப்புறம் 1945. ஏப்ரல் நடுவில் அமெரிக்கப் படை எல்பேயின் மேற்குக் கரைக்கு வந்து நின்றுவிட்டது, கிழக்கேயிருந்து சோவியத் செம்படை வருகிறது, நடுவில் இந்த மூலை. மே முதல் வாரத்தில் வெங்க் என்ற ஜெர்மன் தளபதியின் படையினரும் அவர்களோடு ஓடிவந்த அகதிகளும் இந்தப் பக்கத்திலிருந்து டாங்கர்முண்டேயின் இடிந்த பாலத்தின்மேல், முறிந்து தண்ணீரில் தொங்குகிற இரும்பின் மேல், தவழ்ந்தும் நடந்தும் அக்கரை போனார்கள். ஷோன்ஹவுசன் சோவியத் மண்டலத்தில் சேர்ந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே நிலச் சீர்திருத்தம், 100 ஹெக்டேருக்கு மேல் இருந்த பண்ணைகள் நஷ்டஈடு இல்லாமல் பறிக்கப்பட்டன, 'யுங்கர் நிலம் உழவர் கையில்' என்பது அன்றைய முழக்கம். யுங்கர் என்றால் இப்படிப்பட்ட கிராமத்துப் பண்ணைப் பிரபு. நிலம் பிரித்தது நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் 1958இல் அந்த 1700ஆம் வருஷத்து மாளிகையை வெடிவைத்துத் தகர்த்தது வீண் வேலை. பள்ளிக்கூடமாகவோ ஆஸ்பத்திரியாகவோ ஆக்கியிருக்கலாம். இன்று மிச்சம் ஒரு பக்கக் கட்டடம்தான், அதில் 1998இலிருந்து பிஸ்மார்க் அருங்காட்சியகம் நடக்கிறது.

மாளிகை போயிற்று, ஆறு போகவில்லை. 2013 ஜூனில் எல்பேயில் அப்படி ஒரு வெள்ளம், மாக்டபர்க் நகரத்தில் ஏறக்குறைய ஏழரை மீட்டர். ஜூன் 10 நள்ளிரவு தாண்டியதும் ஃபிஷ்பெக்கில் கரை உடைத்துக்கொண்டது. 1562இல் பிஸ்மார்க்குகள் ஷோன்ஹவுசனோடு சேர்த்து வாங்கிய அதே ஃபிஷ்பெக். பல நாள் ஊறி ஊறி உள்ளே குழைந்துபோன மண், ஒரு புள்ளியில் விட்டுக்கொடுத்ததும் வாய் அகன்றுகொண்டே போனது. தண்ணீர் வடக்கே, அந்த மூலைக்குள் இறங்கியது. ஷோன்ஹவுசன் ரயில் நிலையத்தில் நடைமேடையும் தண்டவாளமும் தண்ணீருக்குள், பெர்லின்-ஹனோவர் அதிவேக ரயில்பாதையே நின்றது. மணல் மூட்டை எதுவும் நிற்காததால் ஜூன் 15ஆம் தேதி ராணுவம் பழைய சரக்குப் படகுகளை உடைப்பின் வாயில் கொண்டுவந்து நிறுத்தி, அடியில் வெடிவைத்து மூழ்கடித்தது. மேலே ஹெலிகாப்டர்கள் மூட்டை மூட்டையாகப் போட்டன. அதன்பிறகே ஓட்டம் அடங்கியது. அதிவேக ரயில் நவம்பரில்தான் மறுபடி ஓடியது.

இப்போது கரையை உயர்த்திப் பலப்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் ஆறு நிறைந்திருக்கும்போது தண்ணீர் கரைக்கு அடியிலேயே ஊர்ந்து வந்து வயலில் ஊற்றாகப் பொங்கும், அதற்கு அந்த ஊரில் 'குவால்ம் தண்ணீர்' என்று தனிப் பெயர் உண்டு. அந்த இரவுகளில் ஊர்க்காரர்கள் முறை வைத்துக் கரையின் அடிவாரத்தில் டார்ச் விளக்கோடு நடப்பார்கள். கசிகிற தண்ணீரில் விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்ப்பார்கள். தெளிவாக வந்தால் அடுத்த இடத்துக்குப் போவார்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம், உடனே ஆள் கூப்பிடுவார்கள்.