கூகுள் நிறுவனர் பெயரில் கூகுளுக்கே மெயில்! உங்கள் மெயில் சர்வரில் இந்த ஓட்டை இருக்கிறதா?

[திரையில்: மாதிரி மெயில் ஒன்று. அனுப்பியவர் செர்கே பிரின். பெறுபவர் லாரி பேஜ்.]

இந்த மெயிலைப் பாருங்கள். கூகுளைத் தொடங்கிய இருவரில் ஒருவர் மற்றவருக்கு எழுதியது போல இருக்கிறது. மெயிலோடு கூகுளின் டிஜிட்டல் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் இதை எழுதியவர் பிரின் இல்லை. கூகுளில் வேலையே பார்க்காத, ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒரு கணித நிபுணர்.

அவர் யாருடைய பாஸ்வேர்டையும் திருடவில்லை. எந்தச் சர்வருக்குள்ளும் நுழையவில்லை. கூகுளின் மெயில் அமைப்பில் ஒரு எண் சிறியதாக இருந்தது, அவ்வளவுதான். அதே எண் உங்கள் டொமைனிலும் இருக்கிறது. அது எவ்வளவு என்று இந்த வீடியோ முடிவதற்குள் நீங்களே பார்த்துச் சொல்லப் போகிறீர்கள்.

வணக்கம் நண்பர்களே. இன்று சொந்த டொமைனுக்கு மெயில் சர்வர் அமைப்பது பற்றிப் பேசுவோம். சர்வரை நிறுவுவது அரை மணி நேர வேலை. அது அனுப்புகிற மெயிலை மற்ற சர்வர்கள் நம்ப வேண்டுமே, நிஜமான வேலை அங்கேதான்.

வரலாறு ஒரே மூச்சில். மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் மொழி எஸ்எம்டிபி. ஜான் பாஸ்டல் 1982 ஆகஸ்டில் அதற்கு விதிமுறை எழுதினார். அன்று அந்த நெட்வொர்க்கில் இருந்தவை சில நூறு கணினிகள். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. சரி, போதும்.

அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று கேளுங்கள். இடது பக்கம் நம் சர்வர், வலது பக்கம் எதிர் சர்வர்.

[திரையில்: கறுப்பு டெர்மினல், வரி வரியாக]

எதிர் சர்வர்: 220. தயார்.
நாம்: இஹலோ. நான் மெயில் டாட் எக்ஸாம்பிள் டாட் காம்.
எதிர் சர்வர்: 250. சரி.
நாம்: மெயில் ஃப்ரம், இன்னார்.
எதிர் சர்வர்: 250. சரி.
நாம்: ஆர்சிபிடி டு, இன்னாருக்கு.
எதிர் சர்வர்: 250. சரி.
நாம்: டேட்டா.
எதிர் சர்வர்: 354. சொல்லுங்கள். முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வையுங்கள்.

ஒரு புள்ளி! உலகத்தில் இத்தனை கோடி மெயில்கள் இப்படி ஒற்றைப் புள்ளியில்தான் முடிகின்றன. முதல் முறை டெர்மினலில் நானே கையால் தட்டி, கடைசியில் அந்தப் புள்ளியை வைத்து, எதிரில் 250 என்று பதில் வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

இப்போது கவனியுங்கள். 'மெயில் ஃப்ரம்' என்று ஒரு அனுப்புநரைச் சொன்னோம். அப்புறம் டேட்டாவுக்குள் மெயிலை எழுதும்போது, அதன் தலைப்பில், அதாவது ஹெடரில், 'ஃப்ரம்' என்று இன்னொரு அனுப்புநரை எழுதுகிறோம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1982இன் விதி கேட்கவில்லை.

பள்ளியில் தமிழ்த் தேர்வுக்குக் கடிதம் எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? இடது ஓரத்தில் அனுப்புநர், பெறுநர், கீழே இப்படிக்கு. எல்லாம் முடிந்த பிறகு அடியில் ஒரு கட்டம் போட்டு 'உறைமேல் முகவரி' என்று தனியாக எழுதுவோம். உள்ளேதான் முகவரி இருக்கிறதே, மறுபடி எதற்கு என்று அப்போது புரிந்ததில்லை. பதில் எளிது. தபால்காரர் பார்ப்பது உறையை, கடிதம் வாங்குபவர் படிப்பது உள்ளே இருப்பதை. உறையில் ஒருவர் பெயரும் உள்ளே வேறொருவர் பெயரும் இருந்தால் தபால்காரருக்குத் தெரியவே தெரியாது.

மெயிலும் அச்சு அசலாக அப்படித்தான். 'மெயில் ஃப்ரம்' என்பது உறை. தலைப்பில் இருக்கும் 'ஃப்ரம்' என்பது உள்ளே இருக்கும் அனுப்புநர். நீங்கள் போனில் பார்ப்பது உள்ளே இருப்பதை மட்டும்தான். மொட்டைக் கடுதாசி பெயரே இல்லாமல் வரும். இது அடுத்தவர் பெயரைப் போட்டுக்கொண்டு வரும். இந்த ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தான் பின்னால் வந்த அமைப்புகள் எல்லாம். உறையும் கடிதமும் மனதில் இருந்தால் மற்றது எல்லாம் தானாகப் புரியும்.

முதலில் எஸ்பிஎஃப். இது உறையைச் சோதிக்கும். "என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள ஐபி முகவரிகள், அதாவது சர்வர்களின் இணைய எண்கள், இவை" என்று உங்கள் டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஒரு வரி எழுதி வைக்கிறீர்கள். இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான். புதிய சேவை வாங்கும்போது பழைய வரியோடு சேர்த்து எழுதாமல் இரண்டாவதாக ஒன்றைப் போட்டால் இரண்டுமே செல்லாது. அப்புறம், அந்த வரி வேறு டொமைன்களைத் தேடிப் போகலாம், ஆனால் மொத்தம் 10 தேடல்தான். பதினொன்றாவதில் பிழை.

அடுத்து டிகிம். நான் இந்த வீடியோ எடுத்ததே இதைச் சொல்லத்தான்.

டிகிம் கடிதத்துக்கே முத்திரை வைக்கிறது. சர்வரில் ஒரு ரகசியச் சாவி. அதன் ஜோடியான பொதுச் சாவியை டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுவோம். அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் ரகசியச் சாவியால் கையெழுத்து. வாங்கும் சர்வர் பொதுச் சாவியை எடுத்துச் சரிபார்க்கும். வழியில் கையெழுத்திட்ட பகுதியில் ஒரு எழுத்து மாறினாலும் பொருந்தாது. ரகசியச் சாவி இல்லாமல் கையெழுத்துப் போடவும் முடியாது.

சரி, பொதுச் சாவி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறதே, அதிலிருந்து ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிட்டால்?

வீடியோவை நிறுத்துங்கள், ஒரு தாள் எடுங்கள். 8633. இதை இரண்டு பகா எண்களின் பெருக்கலாக எழுதுங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.

[திரையில்: 8633 = ? × ?]

கிடைத்ததா? 89 பெருக்கல் 97. பெருக்குவதற்குச் சில நொடிகள் போதும். பிரிப்பதற்கு எத்தனை எண்களைப் போட்டுப் பார்த்தீர்கள்? டிகிம் பெரும்பாலும் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ சாவியின் பலம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. டிஎன்எஸ்ஸில் இருப்பது 8633. ரகசியம் 89ம் 97ம். நிஜ எண்கள் மிகப் பெரியவை, அவ்வளவுதான். 512 பிட் சாவி என்றால் 155 இலக்க எண். 2048 பிட் என்றால் 617 இலக்கம்.

155 இலக்கம் கேட்க பயங்கரமாக இருக்கிறது இல்லையா? 1999 ஆகஸ்டிலேயே ஓர் ஆராய்ச்சிக் குழு அப்படி ஓர் எண்ணைப் பிரித்துக் காட்டிவிட்டது. அன்று அதற்கு நிறைய கணினிகளும் மாதக்கணக்கில் நேரமும் தேவைப்பட்டன.

இப்போது ஃப்ளோரிடாவுக்குப் போவோம். சாகரி ஹாரிஸ், கணித நிபுணர். 2011 டிசம்பரில் அவருக்குக் கூகுளிலிருந்து ஒரு மெயில் வருகிறது: எங்களிடம் வேலைக்கு வர விருப்பமா? நமக்கு வந்திருந்தால் வீடு முழுக்கச் சொல்லியிருப்போம். அவருக்குச் சந்தேகம் வருகிறது, இது உண்மையிலேயே கூகுள் அனுப்பியதா என்று. மெயிலின் தலைப்பைத் திறந்து டிகிம் சாவியைப் பார்க்கிறார். 512 பிட். குறைந்தது 1024 இருக்க வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. கணிதம் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று கூகுள் வேண்டுமென்றே வைத்த புதிர் இது என்று நினைத்துக்கொண்டார்!

வேலையில் அவருக்கு ஆசை இல்லை. ஆனால் புதிரை எப்படி விடுவது? சாவியை உடைத்தார். அமேசானின் வாடகைக் கணினிகளில் 512 பிட் சாவி ஒன்றை உடைக்க 72 மணி நேரமும் 75 டாலரும் போதும் என்று பிறகு பேட்டியில் சொன்னார். சாவி கிடைத்ததும், பிரின் பெயரில் பேஜுக்கு எழுதினார். அதில் தன் சொந்த இணையதளத்துக்கு ஒரு இணைப்பும் கொடுத்தார். பதில்கள் தன் முகவரிக்கே வருகிற மாதிரி அமைத்தும் வைத்தார்.

பதில் வரவில்லை. ஆனால் இரண்டே நாளில் கூகுளின் டிகிம் சாவி 2048 பிட்டாக மாறிவிட்டது! அவருடைய இணையதளத்துக்கும் கூகுள் ஐபி முகவரிகளிலிருந்து ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, அது புதிர் இல்லை, நிஜ ஓட்டை. வேறு பெரிய நிறுவனங்களைப் பார்த்தார். ஈபே, யாகூ, ட்விட்டர், அமேசான், எல்லாவற்றிலும் 512 பிட். 2012 அக்டோபரில் இது வெளியே வந்தது.

எனக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும். ஒரு மனிதர் தனக்கு வந்த நல்ல செய்தியைச் சரிபார்த்தார், அதனால் உலகத்தின் மெயில் பாதுகாப்பு ஒரு படி உயர்ந்தது. அமைப்பை முதல் நாள் போட்டுவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. இது எத்தனை பெரிய நிறுவனத்துக்கும் பொருந்தும்.

நீங்கள் சாவி உருவாக்கும்போது 2048 பிட். இங்கே ஒரு சிக்கல் வரும். டிஎன்எஸ்ஸில் ஒரு எழுத்துத் துண்டு 255 எழுத்தைத் தாண்டக் கூடாது. 2048 பிட் பொதுச் சாவியோ 392 எழுத்து. இரண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, ஒரே பதிவில் போடுங்கள். சில டொமைன் பக்கங்கள் தாமாகவே பிரித்துக்கொள்ளும். சில பக்கங்கள் சத்தமில்லாமல் பாதியை வெட்டிவிடும். போட்ட பிறகு ஒரு முறை வெளியிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது டிமார்க். உறையும் கடிதமும் இங்கே சேர்கின்றன. எஸ்பிஎஃப் சரி என்றது உறைமேல் இருக்கும் டொமைனை. டிகிம் சரி என்றது கையெழுத்திட்ட டொமைனை. வாசகர் கண்ணில் படுவது உள்ளே இருக்கும் அனுப்புநர். முதல் இரண்டில் ஒன்றாவது தேறி, அதன் டொமைன் உள்ளே இருக்கும் டொமைனோடு பொருந்துகிறதா என்று டிமார்க் கேட்கும். பொருந்தவில்லை என்றால் என்ன செய்வது என்பதை நீங்கள் சொல்கிறீர்கள்: 'நன்' என்றால் விட்டுவிடு, 'குவாரன்டைன்' என்றால் ஸ்பேமில் போடு, 'ரிஜெக்ட்' என்றால் திருப்பி அனுப்பு. 'நன்'னில் தொடங்குங்கள். வருகிற அறிக்கைகளைச் சில வாரம் படியுங்கள். நீங்கள் மறந்துபோன பில்லிங் மென்பொருள் ஒன்று உங்கள் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருப்பது அதில்தான் தெரியும். அப்புறம் மெதுவாக இறுக்குங்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்தே ஆக வேண்டும் என்று கூகுள் சொல்லிவிட்டது. யாகூவும் அப்போதே இதே வழிக்கு வந்தது. பிடிஆர், அதாவது ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் டிஎன்எஸ் பதிவு, எல்லோருக்கும் கட்டாயம். அதை டொமைன் விற்றவரிடம் கேட்காதீர்கள், ஐபி கொடுத்தவரிடம் கேளுங்கள்.

போர்ட், அதாவது சர்வரின் வாசல் எண்: சர்வருக்கும் சர்வருக்கும் 25, உங்கள் போனுக்கும் சர்வருக்கும் 465 அல்லது 587. முடிந்தது.

இனி சர்வர். நான் பயன்படுத்துவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள். ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது வீட்ஸே வெனேமா எழுதி 1998இல் வெளியானது. அதன் 'மெயின் டாட் சிஎஃப்' என்ற அமைப்புக் கோப்பில் எவ்வளவோ வரிகள் உண்டு. நான் ஒரே ஒரு வரியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டு விஷயம்.

என் அத்தான் கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஒரு இணையதளம் உண்டு. ஒரு நாள் போன் செய்தார். "மாப்ள, கஸ்டமருக்கெல்லாம் மெயில் போகுது. எனக்கு மட்டும் ஒரு ஆர்டர் மெயிலும் வரல. கடைக்கு ஆர்டரே இல்லையோன்னு நெனச்சுட்டேன்."

உள்ளே போய்ப் பார்த்தேன். கடையின் இன்பாக்ஸ் வேறு ஒரு மெயில் சேவையில் இருக்கிறது. ஆனால் இணையதளம் ஓடும் சர்வரில், போஸ்ட்ஃபிக்ஸின் 'மைடெஸ்டினேஷன்' வரியில் கடையின் டொமைனையும் சேர்த்திருந்தார்கள். அந்த வரிக்கு அர்த்தம்: இந்த டொமைனுக்கு வரும் மெயில் எல்லாம் இங்கேயே சேரவேண்டியது, வெளியே அனுப்ப வேண்டாம். வாடிக்கையாளர் மெயில் வெளியே போனது. அத்தானுக்கான மெயில் வாசலைத் தாண்டவே இல்லை. ஆர்டர் மெயில் போக வேண்டிய 'சேல்ஸ்' என்ற பெயரை, மெயிலை வேறு பெயருக்குத் திருப்பும் அந்த சர்வரின் ஏலியாஸ் கோப்பு போஸ்ட்மாஸ்டருக்கும், அங்கிருந்து நிர்வாகி கணக்கான ரூட்டுக்கும் திருப்பிவிட்டிருந்தது. யாரும் திறக்காத ரூட் பெட்டிக்குள் பதினொரு நாள் ஆர்டர்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று, பன்னிரண்டு குத்துவிளக்கு, இரண்டு நாளில் கிரகப்பிரவேசம். அன்று இரவே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார் அத்தான்.

திருத்தம் ஒரே வரி. டொமைனை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டு, சர்வரின் சொந்தப் பெயரையும் லோக்கல்ஹோஸ்டையும் மட்டும் விட்டேன். ரீலோட். ஐந்து நிமிடத்தில் அத்தான் போனில் மணி அடித்தது. உங்கள் இன்பாக்ஸ் வேறு இடத்தில் இருந்தால் இந்த வரியை இன்றே பாருங்கள். கூடவே 'மைநெட்வொர்க்ஸ்' வரியையும் பாருங்கள். அதில் உலகத்தின் எல்லா ஐபியும் இருந்தால், யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக ஸ்பேம் அனுப்புவார்கள்.

சரி, சொன்ன வாக்கு. அந்த எண்.

[திரையில்: ஜிமெயில், மூன்று புள்ளி மெனு]

உங்கள் டொமைனிலிருந்து ஒரு ஜிமெயில் கணக்குக்கு மெயில் அனுப்புங்கள். அதைக் கணினி பிரவுசரில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்'. மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், மூன்றும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும். கீழே டிகிம் வரியில் 'எஸ்' என்ற குறிக்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும், அதுதான் செலக்டர். அந்தப் பெயரையும் உங்கள் டொமைனையும் ஏதாவது ஒரு டிகிம் சோதனைக் கருவியில் போட்டால் பொதுச் சாவி வரும்.

சாவி எப்படித் தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். எம், ஐ, ஐ, பி என்றால் 2048 பிட், நிம்மதி. எம், ஐ, ஜி, எஃப் என்றால் 1024, இந்த வாரமே மாற்றுங்கள். எம், எஃப், டபிள்யூ என்று தொடங்கினால் அது 512. அந்த 75 டாலர் சாவி. மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு இப்போதே மாற்றுங்கள், அப்புறம் வந்து கமென்ட் போடுங்கள்.